கம்பெனி அனுப்பிய கார்

ஜீவனஹள்ளி
11 பிப்ரவரி 2024

மௌரீன்,

என் போனில் உன் நம்பரைத் தடுத்து வைத்திருப்பது கோபத்தால் மட்டுமில்லை. உன் குரலைக் கேட்டால் நான் சரி என்று சொல்லிவிடுவேன். பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படித்தான். அதனால் தாளில் எழுதுகிறேன். நீயும் தாளிலேயே பதில் எழுது.

தம்பி விக்கி கம்பெனி விளம்பரத்தைப் பார்த்துவிட்டான். ஒக்கலிபுரம் பஸ் நிறுத்தத்தில் என் முகம் ஆள் உயரத்துக்கு நிற்கிறதாம். "அம்மாவுக்கு முடியாமல் போனபோது கம்பெனி எனக்குக் கார் அனுப்பியது. இது வேலையில்லை, என் குடும்பம்" என்று பக்கத்தில் கன்னடத்தில் எழுதியிருக்கிறதாம். பிறகு போனில் வீடியோவைத் தேடிப் பார்த்திருக்கிறான். அதில் நானே அழுதுகொண்டு அதே வார்த்தைகளைச் சொல்கிறேன்.

வெளியூர் வேலை மேளாக்களில் மட்டும் காட்டுவோம் என்றுதானே சொன்னாய்? கோலார் பக்கம், ஹூப்ளி பக்கம் என்றாய். வேறு கிளையில் யாருக்கோ கார் கொடுத்தார்கள், அந்தப் பெண்ணுக்குக் கேமரா முன்னால் பேச வரவில்லை, அவளுக்குப் பதிலாக நீ சொல் என்றாய். அப்போது அம்மா போய் மூன்று மாதம்கூட ஆகவில்லை. அழுகை தானாக வந்தது. நீ கைதட்டினாய்.

அம்மா போன அன்று நடந்தது உனக்குத் தெரியும். கிடங்குக்குள் போகும்போது போனை வாசலில் பெட்டியில் போட்டுவிட வேண்டும். விக்கி ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். கேட்டில் இருந்த நம்பருக்கும் அடித்தான். ஷிஃப்ட் முடியட்டும் என்று சூப்பர்வைசர் கிரண் சார் சொல்லிவிட்டார். நான் வெளியே வந்து போனை எடுத்தபோது அம்மா இல்லை. ஹொசகோட்டேயிலிருந்து பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தபோது கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். கடைசி வரை "யசோ வந்துட்டாளா" என்று கேட்டுக்கொண்டிருந்ததாக விக்கி சொன்னான். அப்போது அவன் என்னைக் குறை சொல்லவில்லை. அடிமை மாதிரி வைத்திருக்கிறார்கள் என்று கம்பெனியைத்தான் திட்டினான்.

நேற்று வந்து வாசலிலேயே நின்றான். "கார் குடுத்தாங்கன்னு உன் வாயாலயே சொல்ற. அழுதுகினே சொல்ற. அப்ப அன்னிக்கு கார்ல ஏறி எங்க போன?" என்று கேட்டான். அது நடிப்புடா என்றேன். "அம்மா செத்தத யாராச்சும் நடிப்பாங்களாக்கா?" என்றான்.

உள்ளே வராமலே போய்விட்டான்.

ஒரு வரி எழுதிக் கொடு மௌரீன். கார் வரவில்லை, அது விளம்பரத்துக்காகச் சொன்னது என்று. கம்பெனி பேர் போட்ட தாள்கூட வேண்டாம். உன் பேர் போதும். உன்னை அவனுக்குத் தெரியும், நம்புவான்.

யசோதா


ரிச்சர்ட்ஸ் டவுன்
16 பிப்ரவரி 2024

என் அன்பு யசோ,

தமிழில் கடிதம் எழுதி எவ்வளவு வருஷமாயிற்று! பிழை இருந்தால் சிரிக்காதே. உன் கையெழுத்து இன்னும் அப்படியே உருண்டையாக இருக்கிறது. டாடியிடம் காட்டினேன். உன்னை ரொம்பக் கேட்டார்.

படித்துவிட்டு மனசு கஷ்டமாகிவிட்டது. விக்கி உன்னை அப்படிப் பேசியிருக்கக் கூடாது. துக்கத்தில் இருக்கிறவர்கள் யார் மேலாவது பழி போடத்தான் பார்ப்பார்கள். கொஞ்சம் பொறுத்துக்கொள்.

நீ கேட்கிற வரியைப் பற்றிச் சொல்கிறேன். நான் என் பேரில் எழுதினாலும் அது கம்பெனி எழுதியது மாதிரிதான். ஆட்களை வேலைக்கு இழுக்கும் விளம்பரங்கள் எல்லாவற்றுக்கும் நான்தான் தலைமை என்று உனக்குத் தெரியும். விளம்பரத்தில் வருவது பொய் என்று நானே எழுதிக் கொடுத்தால், அடுத்த நாள் அது யாருடைய போனில் இருக்கும் என்று சொல்ல முடியுமா? லீகலில் ஒரு வார்த்தை கேட்டுப் பார்த்தேன். பேர் சொல்லவில்லை, பொதுவாகத்தான் கேட்டேன். முடியவே முடியாது என்றார்கள்.

இன்னொன்றையும் யோசித்துப் பார். அது முழுப் பொய்யும் இல்லை யசோ. கார் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் கம்பெனிக்கு இருக்கிறது. பாலிசியாக வரப்போகிறது. நாம் சொன்னது கொஞ்சம் முன்னாலேயே சொன்னது, அவ்வளவுதான். உன் முகத்தைப் பார்த்துத்தான் இந்தத் தடவை பெண்கள் இவ்வளவு பேர் சேர்ந்திருக்கிறார்கள். மேலே எல்லோரும் உன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஆன்ட்டி இருந்திருந்தால் எவ்வளவு பெருமைப்பட்டிருப்பார்கள்.

உன்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே "இன்னொரு தடவ எடுக்கட்டா?" என்று கேட்டது நீதான்.

விக்கியிடம் நான் பேசிப் பார்க்கட்டுமா? சின்ன வயதில் என் சைக்கிளில் உட்கார்ந்து சுற்றியவன்தானே.

எப்போதும் உன்,
மௌரீன்


ஜீவனஹள்ளி
3 மார்ச் 2024

மௌரீன்,

விக்கியிடம் பேசாதே. நீ அவனிடம் பேசுவது எனக்குப் பயமாக இருக்கிறது.

இங்கே நடந்ததை நீ கேள்விப்பட்டிருப்பாய். நானும் சொல்கிறேன்.

புதிதாகச் சேர்ந்த பெண்கள் என்னைப் பார்த்ததும் சினிமாக்காரியைப் பார்த்தது மாதிரி வந்து கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். "அக்கா, கார் வேணும்னா யாருகிட்ட கேக்கணும்?" என்று கேட்கிறார்கள். முதலில் சிரித்து மழுப்பினேன். சஹானா என்று ஒருத்தி, மாலூர்ப் பக்கத்துப் பெண். குழந்தைக்கு ஜுரத்தில் வலிப்பு வந்துவிட்டதாக கேட்டுக்கு யாரோ வந்து சொல்லியிருக்கிறார்கள். அவள் ஓடிப்போய் கிரண் சாரிடம் கார் கேட்டாள். சாப்பாட்டு அறைச் சுவரில் இருந்த என் படத்தைக் காட்டிக் கேட்டாள். அவர் சத்தமாகச் சிரித்துவிட்டார். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். பெட்டியை அடுக்காமல் வந்ததற்கு அவளை அப்படியே வெளியே அனுப்பினார். மறுநாள் வேலை இல்லை என்றார்.

போகும்போது என்னிடம் வந்தாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். "நின் பாய்கெ ஹுளா பீளா" என்றாள். உன் வாயில் புழு விழட்டும் என்று. அவள் குழந்தை பிழைத்ததா என்று எனக்குத் தெரியாது. யாரைக் கேட்பது என்றும் தெரியவில்லை.

அன்றைக்கு டீ நேரத்தில் நான் பெஞ்சு மேல் ஏறி நின்று சொன்னேன். கார் பொய், என் அம்மா சாகும்போது எனக்குப் போனைக்கூடக் கொடுக்கவில்லை என்று. எல்லோரும் கேட்டார்கள். டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் வாசலில் என் அட்டையைக் காட்டினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. செக்யூரிட்டி தாத்தா என்னைப் பார்க்காமல், "பேஜாராக்காதம்மா, அப்படியே போயிடு" என்றார். என் பின்னால் நின்ற பெண்கள் என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்கள்.

இப்போது உன் கம்பெனிக்கு நான் ஆளில்லை. நீ பயப்பட ஒன்றுமில்லை. அந்த ஒரு வரியைக் கொடுத்துவிடு. அம்மாவின் வருஷ நினைவு நாளுக்குக்கூட விக்கி என்னைக் கூப்பிடவில்லை. கல்பள்ளி இடுகாட்டில் அவர்கள் எல்லோரும் நின்று புத்த வந்தனம் சொல்லிவிட்டு வந்த பிறகுதான் பக்கத்து வீட்டில் சொல்லித் தெரிந்தது.

யசோதா


ரிச்சர்ட்ஸ் டவுன்
9 மார்ச் 2024

யசோதா,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் பெஞ்சு மேல் ஏறுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் என்னை நினைத்திருக்கலாம். உன்னை உள்ளே கொண்டுவந்தது நான். விளம்பரத்துக்கு உன் பேரைச் சொன்னது நான். மறுநாள் மீட்டிங்கில் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். "உங்கள் ஃப்ரெண்டுதானே?" என்று ஒருத்தர் கேட்டார். பள்ளியில் படித்தோம், அவ்வளவுதான் என்றேன். வேறு என்ன சொல்லச் சொல்கிறாய்?

நீ வேண்டாம் என்று எழுதியது வருவதற்கு முன்பே நான் விக்கியைப் பார்த்துவிட்டேன். காக்ஸ் டவுன் மார்க்கெட் பக்கம் ஒரு கடையில் உட்கார்ந்து காபி குடித்தோம். இளைத்துப் போயிருக்கிறான். வேலை இல்லாமல் இருக்கிறானாமே, நீ சொல்லவேயில்லை. மனைவி மமதா முழுகாமல் இருக்கிறாள் என்றான். அது உனக்குத் தெரியுமா?

அவன் காரைப் பற்றி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நானாக எடுக்கவும் இல்லை. "மௌரீன்க்கா, உங்க கம்பெனில ஏதாச்சும் இருந்தா பாருங்களேன்" என்றான். பார்த்தேன். வருகிற திங்கட்கிழமை சேர்கிறான். உன் வேலைக்கு இல்லை, பயப்படாதே, லோடிங்கில்.

நீ ஒரு தாளைக் கேட்டாய். நான் உன் தம்பிக்கு வாழ்க்கையையே கொடுத்திருக்கிறேன். கொஞ்ச நாள் போனால் இது உனக்கே புரியும்.

இனி இந்த விஷயமாக எனக்கு எழுதாதே. உன் நல்லதுக்காகத்தான் சொல்கிறேன்.

மௌரீன்


ஜீவனஹள்ளி
22 ஜூன் 2024

மௌரீன்,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன்.

விக்கி யூனிஃபார்மோடு வந்தான். அடையாள அட்டை கழுத்தில் தொங்கியது. நான் கதவைத் திறந்ததும் என் பின்னால் சுவரைத்தான் பார்த்தான். அங்கே பாபா சாகேப் படத்துக்குக் கீழே அம்மா படம் இருக்கிறது. உள்ளே வந்து அதைக் கழற்றினான்.

"எங்கடா எடுத்துனு போற?" என்றேன்.

"எங்க வூட்ல வெக்கிறேன். நீ பாத்து இன்னா பண்ணப் போற?"

"விக்கி, நீ அங்கதானே வேல செய்ற. கேட்டுப் பாருடா. கார் இருக்குதான்னு யாரையாச்சும் கேளு."

"சாக்குக்கா, போதும். வேல குடுத்திருக்காங்க. மமதாவ டாக்டர்கிட்ட காட்ட லீவு குடுத்தாங்க. நீதான் ஊரு பூரா அவங்கள அசிங்கமா பேசின. உனக்கு கார் குடுத்தவங்கள."

படத்தைக் கொண்டுவந்திருந்த லுங்கித் துணியில் சுற்றிக்கொண்டு போய்விட்டான். நான் தடுக்கவில்லை. அவன் கையைப் பிடித்திருந்தால் கண்ணாடி உடைந்திருக்கும்.

நீ சொன்ன மாதிரியே எனக்குப் புரிந்துவிட்டது. வேலையைக் கொடுத்ததால் கம்பெனியை மன்னித்துவிட்டான். இனி வெறுப்பதற்கு அவனுக்கு நான் ஒருத்திதான் மிச்சம். நீ இதை யோசித்துச் செய்தாயா, யோசிக்காமல் செய்தாயா என்று தினமும் நினைக்கிறேன். எது மோசம் என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது ஒரு ஆஸ்பத்திரித் துணி துவைக்கிற இடத்தில் இருக்கிறேன். ஒக்கலிபுரத்தில் பஸ் மாறித்தான் போக வேண்டும். என் முகத்துக்குப் பக்கத்திலேயே நின்று பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன். மழை பெய்தால் அதன் கீழேதான் ஒதுங்க வேண்டியிருக்கிறது. ஜனங்கள் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்க்கிறார்கள். ஒரு பையன் மீசை வரைந்துவிட்டுப் போயிருந்தான். அடுத்த நாளே உங்கள் ஆள் வந்து துடைத்துச் சுத்தமாக்கினான். அவ்வளவு அக்கறை.

இனி அந்த வரியைக் கேட்கவில்லை. அந்த ஒரு நிறுத்தத்தில் இருக்கிற படத்தை மட்டும் எடுக்கச் சொல். மற்ற இடத்தில் எல்லாம் இருக்கட்டும்.

யசோதா


ரிச்சர்ட்ஸ் டவுன்
1 ஜூலை 2024

யசோதா,

விளம்பர இடங்களுக்கு ஒப்பந்தம் போட்டிருக்கிறோம். நீ கையெழுத்துப் போட்ட சம்மதத் தாளில் உன் படத்தை இரண்டு வருஷம் பயன்படுத்தலாம் என்று இருக்கிறது. ஒரு இடத்தில் மட்டும் எடுத்தால் ஏன் என்று கேட்பார்கள்.

அடுத்த நிறுத்தம் ஒன்றும் தூரமில்லை. அங்கே போய் ஏறிக்கொள்ளலாமே. காலையில் கொஞ்சம் நடப்பது உடம்புக்கும் நல்லது.

மௌரீன்


ரிச்சர்ட்ஸ் டவுன்
19 ஜனவரி 2025

அன்பு யசோ,

இதைப் பிரிக்காமல் கிழித்துவிடாதே.

என்னை அனுப்பிவிட்டார்கள். வீடியோவில் கூப்பிட்டார்கள். அந்தப் பக்கம் யார் முகமும் தெரியவில்லை, குரல் மட்டும்தான். எழுதி வைத்ததைப் படித்தார்கள். விளம்பரங்களை இனி இயந்திரமே எழுதிக்கொள்ளுமாம், முகங்களையும் அதுவே செய்துகொள்ளுமாம். நான் பேச வாயெடுத்தபோது இணைப்பு துண்டாகிவிட்டது. இத்தனை வருஷம் அந்த இடத்தை வீடு, குடும்பம் என்று ஊருக்கெல்லாம் விற்றேன். அந்த வார்த்தைகளை நானே நம்பியிருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. டாடியிடம் இன்னும் சொல்லவில்லை. காலையில் உடுத்திக்கொண்டு கிளம்பி, பார்க்கில் போய் உட்கார்ந்திருக்கிறேன்.

நீ கேட்டதைச் செய்துவிட்டேன். விக்கிக்கு எழுதினேன். ஒரு வரி இல்லை, இரண்டு பக்கம். கார் வரவில்லை, பெட்டிக்குள் இருந்த போனைக் கொடுக்கவில்லை, கேட்டுக்கு வந்த போனைக் கிரண் வைத்துவிட்டான், அந்த வார்த்தைகளை எழுதி உன் வாயில் வைத்தது நான் என்று எல்லாம் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

ஒரு உதவி வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு பத்திரிகைக்காரி இருக்கிறாள். உன் கதையைக் கேட்டதும் துள்ளிக் குதித்தாள். நீயும் நானும் சேர்ந்து உட்கார்ந்து பேசினால் அவர்கள் மானம் போய்விடும். நீ அன்று வீடியோவில் பேசின மாதிரி, அதே மாதிரி மனசைத் தொடும்படி பேசினால் போதும். என்ன சொல்ல வேண்டும் என்று நான் எழுதித் தருகிறேன்.

யசோ, என் நம்பரைத் திறந்துவிடேன். ஒரு தடவை பேச வேண்டும்.

உன் மௌரீன்


ஜீவனஹள்ளி
6 ஏப்ரல் 2025

மௌரீன்,

பத்திரிகைக்காரியிடம் நான் வரமாட்டேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உன் இரண்டு பக்கமும் விக்கிக்குக் கிடைத்தது. என்னிடம் கொண்டுவந்தான். கட்டிலில் உட்கார்ந்து, மடித்த தாளை என் பக்கம் நீட்டினான். நான் படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறாய். படித்து முடித்ததும் அவன் என் காலில் விழுவான் என்றுகூட நினைத்துவிட்டேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியும்க்கா" என்றான்.

"இன்னாடா தெரியும்?"

"மொத நாளே தெரிஞ்சிடுச்சு. போன பொட்டில போடச் சொன்னாங்கல்ல, அப்பவே."

அப்படியானால் அம்மா படத்தை எடுத்துக்கொண்டு போன அன்றைக்கும் அவனுக்குத் தெரியும். என்னைப் பார்த்து "உனக்கு கார் குடுத்தவங்கள" என்று சொன்னபோதும் தெரியும்.

"அப்ப ஏன்டா அப்படிப் பேசின?"

தரையைப் பார்த்தபடியே சொன்னான். "உன்கூடப் பேசினா என்னையும் தூக்கிடுவாங்கன்னு கிரண் சார் சொன்னாரு. சும்மா பேசாம இருக்க முடியலக்கா. நீதான் தப்புன்னு நெனச்சாதான் பேசாம இருக்க முடிஞ்சுது."

அவன் அழவில்லை. எனக்கும் வரவில்லை. உன் தாளைத் திருப்பி வாங்கி, என் அடுப்பில் வைத்துக் கொளுத்திவிட்டுப் போனான். அவனை டீம் லீடர் ஆக்கப் போகிறார்களாம். அந்தத் தாள் வெளியில் இருந்தால் ஆபத்தாம். போகும்போது, குழந்தைக்குப் பேர் வைக்கிறோம், வா என்றான். அம்மா போன பிறகு அவன் என்னை எதற்கும் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

போனேன். மெயின் ரோட்டுப் பக்கம் சின்ன ஹால். எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். காரில் ஏறி எங்கோ ஊர் சுற்றப் போனவள் என்று ஒரு வருஷமாக என்னைப் பற்றிப் பேசியவர்கள். நான் உட்கார்ந்த வரிசையில் யாரும் உட்காரவில்லை. ஆனால் மமதா எழுந்து வந்து குழந்தையை என் மடியில் வைத்தாள். பெண் குழந்தை. மூக்கு அப்படியே அம்மா மூக்கு.

அப்போது கிரண் சார் மனைவியோடு வந்தார். விக்கி ஓடிப்போய் வரவேற்றான். நாற்காலியைத் துடைத்துப் போட்டான். கிரண் சார் என்னைப் பார்த்ததும் ஒரு கணம் தடுமாறினார். பிறகு சிரித்துவிட்டார். மனைவியிடம், "இவங்கதான் நம்ம கார் அக்கா, போர்டுல பாத்திருப்பியே" என்றார்.

அந்த அம்மா நல்லவள் மாதிரி இருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நெஜமாவே கார் வந்துச்சாம்மா? அம்மாவ கடைசியா பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

என் பெரியம்மா, சித்தி, கல்பள்ளியில் எனக்குப் பதிலாக நின்றவர்கள் எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைக்காது. கேட்க வேண்டியவர்கள் அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். விக்கி தட்டில் இனிப்பை வைத்துக்கொண்டு கிரண் சாருக்குப் பின்னால் நின்றான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"வந்துச்சும்மா" என்றேன். "கம்பெனில ஒரு கொறையும் வெக்கல. நான்தான் லேட்டா போயிட்டேன்."

அந்த அம்மா உச்சுக் கொட்டினாள். பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். விக்கி இனிப்பை கிரண் சாரிடம் நீட்டினான்.

கேமரா இல்லை மௌரீன். நீ எழுதித் தரவும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் மமதா வந்து, "சாப்பிட வாங்கக்கா" என்று கூப்பிட்டாள். குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டுப் பந்தியில் போய் உட்கார்ந்தேன். விக்கிதான் எனக்குப் பரிமாறினான்.

யசோதா